ரெட்டைச் செங்கல் வளைவு

நாலாம் வகுப்பில் என்னோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று தெரியாது. இருக்கிறவர்கள் படித்தால் போதும்.

போன மாதம் திருவிழாவுக்கு ஊர் வரலாறு என்று ஒரு புத்தகம் போட்டார்கள். வீட்டுக்கு ஒன்று கொடுத்தார்கள். வழவழப்பான தாள். அட்டையில் ஆறு. கரை தொட்டுத் தண்ணீர் ஓடுகிறது. எந்த ஊர் ஆறோ.

உள்ளே நம் கீழத்தெருப் பாதையைப் பற்றி அரைப் பக்கம். தோப்பு வழியாக ஆற்றுக்குப் போகிற பாதை, நடுவில் ஒன்றுமே இல்லாத இடத்தில் வளைந்து திரும்புகிறதே, அங்கே ஒரு ராணியின் பல்லக்கு ஒதுங்கிப் போனதாம். எதிரே பாம்புப் புற்று இருந்ததாம்.

ராணியும் வரவில்லை. புற்றும் இல்லை. செங்கல் இருந்தது. இரண்டு. அதுவும் அந்த இடத்தில் இல்லை, ஆற்று மணலில் இருந்தது.

எழுத எனக்குப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. ஆனால் பொய்யை அச்சில் போட்டுவிட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நம் வாத்தியார் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். திருமங்கலத்துக்காரர். பஸ்ஸில் வருவார், பஸ்ஸில் போவார். டீக்கடையில் யார் எதைச் சொன்னாலும் "அப்படிங்களா" என்பார். மறுத்துப் பேசவே மாட்டார். அதனால் ஊரில் அவரை விவரம் பத்தாத ஆள் என்று முடிவு செய்திருந்தார்கள்.

அது பங்குனி மாதம். பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் வரப்போவதாகக் கடிதம் வந்தது. வந்தால் பூகோளப் பாடத்தில் படத்தைக் காட்டிக் கேள்வி கேட்பார். நம் பள்ளியில் இருந்தது ஒரே ஒரு இந்தியா படம். அதில் சென்னைக்குக் கீழே எலி தின்றுவிட்டது. மதுரை, ராமேஸ்வரம் எல்லாம் எலி வயிற்றில்.

வாத்தியார் படத்தைப் பார்த்தார். சுருட்டி வைத்தார்.

"நம்ம ஊரையே செஞ்சிருவோம்" என்றார். "ஆத்துல மணலுக்கா பஞ்சம்?"

மதுரைக்கு மேற்கே, வைகையின் தெற்குக் கரையில் நம் ஊர். அந்த வருடம் ஆறு காய்ந்து கிடந்தது. மணலில் தோண்டிய ஊற்றில்தான் ஊருக்கே குடிதண்ணீர். ஊற்றுக்குக் கொஞ்சம் தள்ளி வாத்தியார் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டினார். நான்கு வீடு கட்டலாம், அவ்வளவு இடம்.

"இதுக்குள்ள ஊரு பூராவும் வரணும். மொதல்ல ஆறு. தோண்டுங்க."

பூசாரி மகன் கேட்டான். "சார், ஆத்துக்குள்ளயே ஆறா சார்?"

வாத்தியார் யோசித்தார். "ஆமா. தோண்டு."

தோண்டினோம். ஒரு முழம் போனதும் தண்ணீர் கசிந்தது. கொஞ்ச நேரத்தில் படத்து ஆறு நிரம்பிவிட்டது. நிஜ ஆறு காய்ந்து கிடக்க, அதற்குள் இருந்த பொம்மை ஆற்றில் தண்ணீர். வெளுக்கிறவரின் கழுதை வந்து அதைக் குடித்துவிட்டுப் போனது. மறுபடியும் ஊறியது.

பிறகு சாமான் சேர்த்தோம். மச்சு வீட்டுக்குத் தீப்பெட்டி. கூரை வீட்டுக்குச் சிரட்டை. கோயிலுக்குப் பூசாரி வீட்டுக் குங்குமச் சிமிழ். பஸ் நிறுத்தத்துக்கு சோப்பு டப்பா. தெருக்களின் ஓரத்துக்குப் புளியங்கொட்டை. தோப்புகளுக்கு வேப்பங்கொத்து, தினமும் வாடும், தினமும் புதிதாகக் குத்துவோம்.

இது பூகோளம். வரலாறும் வேண்டுமல்லவா. "வீட்டுல பெரியவங்ககிட்ட ஊரு வரலாறு கேட்டுட்டு வாங்க" என்றார் வாத்தியார்.

மறுநாள் இருபத்தேழு பிள்ளைகள் இருபத்தேழு வரலாறு கொண்டுவந்தோம். எல்லார் பாட்டனும் முதலில் வந்தவன். எல்லாரும் வந்தபோது இங்கே காடுதான் இருந்தது. டீக்கடைக்காரர் மகள் மட்டும், காடு இருந்தபோதே அங்கே டீக்கடை இருந்தது என்றாள்.

என் அப்பாவிடம் கேட்டேன். அவர் அரிசி மில்லில் நெல் அவிக்கிறவர். பேச்சு குறைவு.

"வந்தோம். இருக்கோம்" என்றார். அவ்வளவுதான் வரலாறு.

அம்மா அடுப்படியில் இருந்து சொன்னாள். "வரலாறு என்னடி பெரிய வரலாறு. தண்ணி தூக்குன கததான். நான் வாக்கப்பட்டு வந்தப்ப நம்ம தெருவுல இருந்து தோப்பு வழியா நேரா ஆத்துக்குப் பாத இருந்துச்சு. வெத்தல போட்டு மெல்லுறதுக்குள்ள போயிட்டு வந்துருவேன். மறு வருசம் மில்லுக்காரரு முள்வேலி போட்டுட்டாரு. இப்ப கோயில் சுத்தி, கடைவீதி சுத்தி, பஸ்ஸு நிக்கிற எடத்தச் சுத்தி, படித்துறைக்குப் போறேன். வெத்தலக் கொடிக்காலே மென்னு முடிச்சிரலாம்."

அம்மா காலையில் நான்கு குடம், சாயங்காலம் நான்கு குடம். தெருவில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். இடுப்பில் ஒன்று, தலையில் ஒன்று. பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாரும் பார்க்க ஊரைச் சுற்றி ஊர்வலம்.

எனக்குக் கீழத்தெருவைச் செய்யும் வேலை. சிரட்டைகளைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு தெருவிலிருந்து தோப்பு நடுவே ஆற்றுக்கு ஒரு பாதை போட்டேன். நான் பார்க்காத பாதை. புளியங்கொட்டை தீர்ந்துவிட்டது. அம்மாவின் உடைந்த கண்ணாடி வளையல் துண்டுகளை ஒரு துணியில் முடிந்து வைத்திருந்தேன். பச்சை. அதை இரண்டு பக்கமும் குத்தினேன். ஊரிலேயே அழகான பாதை அதுதான்.

வாத்தியார் வந்து பார்த்தார். "இங்க பாத இருக்கா?"

"இருக்கு சார்."

அவர் தினமும் படித்துறை வழியாகத்தான் பஸ்ஸுக்குப் போகிறவர். குடத்தோடு போகிறவர்களைப் பார்க்காமல் இருக்க முடியாது. திரும்பவும் கேட்டார். "இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்படியா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவரை ஏமாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். ரொம்ப வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஊர் பார்க்க ஊரே வந்தது. தன் வீட்டை மேலே இருந்து யாரும் பார்த்ததில்லை. குனிந்து குனிந்து தேடினார்கள். "எங்க வீட்டுக் கொல்லைல முருங்க மரம் எங்கடா?" "எங்க வாசல் கெழக்க பாத்தது, ஏன்டா வடக்க திருப்புனீங்க, பீட பிடிக்கவா?" நடு ஆற்றில், வெயிலில் நின்று வழக்குப் பேசினார்கள்.

மில்லுக்காரர் வந்தார். ஊரில் பெரிய வீடு அவருடையது. தோப்பை ஒட்டி இருந்தது. தோப்பும் அவருடையதுதான். மேல்துண்டைத் தோளில் இறக்கிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு வீடு?"

"உங்க வீடுதாங்க" என்றார் வாத்தியார்.

"தீப்பெட்டியா? நான் என்ன அதுக்குள்ள குச்சியாட்டமா படுத்திருக்கேன்?"

"அளவுக்குங்க..."

"அளவாவது மண்ணாவது. பிரெசிடெண்டு வீட்டுக்கும் தீப்பெட்டி, எனக்கும் தீப்பெட்டியா? வாத்தியாரே, கண்ணத் தொறந்து பாக்க வேணாமா?"

"அப்படிங்களா" என்றார் வாத்தியார்.

அன்று சாயங்காலம் மில்லில் இருந்து ஒரு செங்கல் வந்தது. தீப்பெட்டியை எடுத்துவிட்டுச் செங்கலை வைத்தோம். பாதையை அவர் கவனிக்கவில்லை. வீட்டை மட்டும்தான் பார்த்தார்.

மறுநாள் காலை பிரெசிடெண்டு ஒரு செங்கல் அனுப்பினார். அவர் மில்லுக்காரருக்குப் பங்காளி. ஒருவர் பசுமாடு வாங்கினால் இன்னொருவர் எருமை வாங்குவார்.

பூசாரி வந்து குங்குமச் சிமிழைப் பார்த்தார், செங்கல்களைப் பார்த்தார். "ஆத்தி! சாமிய விடவா பெரிய ஆளுக இவங்க?"

டீக்கடைக்காரர் சொன்னார். "சாமி செங்கச் சூளை வச்சிருக்கா? வச்சிருந்தா அதுவும் அனுப்பும்."

பாதையைக் கவனித்தவர் டீக்கடைக்காரர்தான். மில்லுக்குப் போய் என் அப்பாவிடம் சொல்லிவிட்டார். "அண்ணே, ஒம் மக மொதலாளி தோப்புக்குள்ள ரோடு போட்டிருக்கா. பச்ச வளையல் வச்சு."

அப்பா வேலை முடிந்து நேராக வீட்டுக்கு வந்தார். "போயி அழிச்சிரு."

அம்மா விடவில்லை. "மணல்லதான போட்டிருக்கா. மணலுக்குமா வேலி?"

"வேல போயிரும்."

மில் போனால் எங்களுக்குச் சோறு இல்லை. அரிசி மில்லில் வேலை பார்த்தவர் வீட்டில் சோறில்லை என்று சொல்வது இன்னும் கேவலம்.

நான் முன்னால் போனேன். அப்பா பின்னால் வந்தார். குனிந்து ஒரு வளையல் துண்டைப் பிடுங்கினேன். அப்பா குத்தவைத்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல போனா எம்புட்டு நேரம் ஆகும்?"

"வெத்தல போட்டு மெல்லுற நேரமாம்."

எங்கள் வீட்டுச் சிரட்டை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அப்பா அதை நேராக வைத்தார். எழுந்து வேட்டியைத் தட்டினார்.

"இருட்டிருச்சு. நாளைக்கி அழிச்சுக்க" என்றார்.

சூரியன் நாகமலைக்கு மேலே இன்னும் இரண்டு ஆள் உயரத்தில் இருந்தது.

பிடுங்கிய வளையல் துண்டைத் திரும்பக் குத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் அழிக்க முடியவில்லை. காலையில் மில்லுக்காரர் இரண்டாவது செங்கல் அனுப்பினார், பிரெசிடெண்டை விட ஒன்று கூட இருக்க வேண்டும் என்று. சுமந்துகொண்டு வந்தது என் அப்பா. முதல் செங்கலோடு ஒட்டி நீளவாக்கில் வைத்தார். வீடு தோப்புக்குள் பாதி தூரம் போய்விட்டது. நேராக என் பாதை மேல் உட்கார்ந்தது. வளையல் துண்டு நொறுங்கும் சத்தம் கேட்டது.

"யப்பா, பாத மேல வச்சிட்டியே."

"மொதலாளி வைக்கச் சொன்ன எடம்."

எனக்கு அழுகை வந்தது. அப்பா செங்கலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சுத்திப் போ" என்றார். மில்லுக்குப் போய்விட்டார்.

செங்கலைச் சுற்றிப் பாதையை வளைத்தேன். அரிவாள் மாதிரி வந்தது. மிச்சம் இருந்த துண்டுகள் அதற்குச் சரியாக இருந்தன.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். குடை, கண்ணாடி. மணலில் நடக்கமுடியாமல் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். மணல் சுட்டது, அதனால் குதித்துக் குதித்து வந்தார். மில்லுக்காரர் மாலையோடு நின்றார். பிரெசிடெண்டு அதைவிடப் பெரிய மாலையோடு. இளநீர்க் குலையோடும் அரிவாளோடும் மில்லுக்காரருக்குப் பின்னால் என் அப்பா.

மில்லுக்காரர் இன்னொரு வேலையும் செய்திருந்தார். பெரிய வெள்ளைத் தாள் ஒன்று மதுரையில் இருந்து வாங்கி வரச்சொல்லி, முந்தின நாளே வாத்தியாரிடம் கொடுத்திருந்தார். "வாத்தியாரே, திருவிழாவுக்கு டாம்ல தண்ணி தொறந்தா மணல்ல ஒண்ணும் நிக்காது. தாள்ல எழுதி வைங்க. இன்ஸ்பெக்டர் கையெழுத்து வாங்கிப் பள்ளிக்கூடத்துல மாட்டணும். என் வீட்டை அளவு கொறையாம எழுதுங்க."

"அப்படிங்களா" என்று வாத்தியார் ராத்திரியெல்லாம் இருந்து எழுதிவிட்டார்.

இன்ஸ்பெக்டர் படத்து ஆற்றைப் பார்த்து ஆச்சரியப்பட்டார். கையை விட்டு முகம் கழுவிக்கொண்டார். பிறகு ஒவ்வொரு பிள்ளையிடமும் கேட்டுக்கொண்டே வந்தார். என்னிடம் நின்றார்.

"பச்சையா மின்னுதே. இது என்னம்மா?"

அப்பா கையில் இருந்த அரிவாள் இளநீர் மேல் அப்படியே நின்றது. வாத்தியார் வானத்தைப் பார்த்தார்.

"பாத சார். எங்க தெருவுல இருந்து ஆத்துக்கு."

மில்லுக்காரர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது.

"தோப்பு நடுவுல போகுதே. யார் தோப்பு?"

"ஐயாவோடது சார்" என்று கையைக் காட்டினேன்.

இன்ஸ்பெக்டர் செருப்பைக் கீழே போட்டுவிட்டு மில்லுக்காரரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"நானும் எத்தனையோ ஊர் பாத்துட்டேன் சார். வரப்புல ஒரு சாண் விடமாட்டாங்க. வெட்டு குத்து வரைக்கும் போவாங்க. நீங்க சொந்தத் தோப்புல ஜனங்களுக்கு வழி விட்டிருக்கீங்க. பெரிய மனசு. ரிப்போர்ட்ல எழுதப் போறேன்."

ஊரே மில்லுக்காரரைப் பார்த்தது. அவர் என்னைப் பார்த்தார். என் அப்பாவைப் பார்த்தார். கடைசியில் பிரெசிடெண்டைப் பார்த்தார். பிரெசிடெண்டு சிரிக்கத் தயாராக வாயை வைத்திருந்தார்.

"நம்ம ஊரு சனந்தான சார்" என்றார் மில்லுக்காரர். "நடந்துட்டுப் போகட்டும்."

பிரெசிடெண்டு இருமினார். "எப்பண்ணே விட்டீங்க? எனக்குத் தெரியாதே."

"இன்னைக்கி."

"இன்னைக்கியா?"

"விட்டாச்சுய்யா. என்ன இப்ப?"

அப்பாவின் அரிவாள் இறங்கியது. இளநீர் தெறித்து இன்ஸ்பெக்டர் கண்ணாடியில் விழுந்தது. துடைத்துக்கொண்டு தாளில் கையெழுத்துப் போட்டார். பச்சை மை.

அன்று பிற்பகலே தண்ணீர் வந்தது. முதலில் சத்தம். பிறகு சருகும் நுரையும். பிறகு ஆறு. நாமெல்லாம் கரையில் நின்று பார்த்தோம். சிரட்டைகள் மிதந்து போயின. கீழத்தெருதான் முதலில் போனது. சோப்பு டப்பாவை எடுக்க டீக்கடைக்காரர் மகள் ஓடினாள், இழுத்துப் பிடித்துக்கொண்டார்கள். பூசாரி வீட்டில் அன்று ராத்திரி சிமிழுக்காக மகனுக்கு அடி. செங்கல்கள் மட்டும் கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவையும் தெரியவில்லை.

மில்லுக்காரருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அப்பாவிடம் சத்தமாகச் சொன்னார். "படம் போச்சுல்ல? பாதையும் அதோட போச்சு. எவனும் வேலியத் தொடக்கூடாது. ஒம் மகளுக்கும் சேத்துத்தான் சொல்றேன்."

அப்பா தலையை ஆட்டினார். அம்மா அன்று சாயங்காலம் கோயில் சுற்றி, கடைவீதி சுற்றித்தான் போனாள். ஊற்று முழுகிவிட்டதால் கலங்கல் தண்ணீர்.

மறுநாள் காலை வாத்தியார் மில்லுக்கு வந்தார். கூடப் பிரெசிடெண்டு. வாத்தியார் கையில் சுருட்டிய தாள். நான் அப்பாவுக்குக் கஞ்சி கொண்டு போயிருந்தேன், அதனால் நானே பார்த்தேன்.

"பள்ளிக்கூடத்துல மாட்டுறதுக்கு முன்னாடி உங்க கண்ணுல காட்டிட்டுப் போகலாம்னு" என்றார் வாத்தியார். நெல் காயும் களத்தில் தாளை விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கை நெல்லை வைத்தார்.

மில்லுக்காரர் குனிந்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் வீடு தாளில் ஒரு சாண் நீளத்துக்கு இருந்தது. ஜன்னல் எல்லாம் வைத்து வாத்தியார் வரைந்திருந்தார். பிரெசிடெண்டு வீடு அதில் பாதி. வீட்டைச் சுற்றிப் பாதை. கீழே பச்சை மை.

"வீடு நல்லாத்தான் வந்திருக்கு" என்றார்.

"பாதைய வேணா அழிச்சிரட்டுங்களா?" என்றார் வாத்தியார். "கையெழுத்து போட்ட தாளு. அழிச்சா வேற புதுசு எழுதணும். புதுசுல வீடு இம்புட்டு நீளம் வருமான்னு சொல்ல முடியாதுங்க."

பிரெசிடெண்டு திரும்பி நின்றுகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது.

மில்லுக்காரர் நிமிர்ந்தார். விரலை நீட்டினார். "சரி. விட்டது விட்டதுதான். ஆனா படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான். ஒரு அடி அங்கிட்டு இங்கிட்டு நகரக்கூடாது. இந்தத் தெருக்காரங்களப் பத்தி எனக்குத் தெரியும், விட்டா தோப்பு பூராவும் நடப்பாங்க."

"அப்படிங்களா" என்றார் வாத்தியார்.

அப்படியே அளந்தார்கள். தாளைக் கையில் பிடித்துக்கொண்டு தலையாரி முளை அடித்தார். வளைவு வந்த இடத்தில் நின்று தலையைச் சொறிந்தார். அங்கே வீடும் இல்லை, சுவரும் இல்லை. வெறும் தரை. "இங்க எதுக்குய்யா வளையணும்?" மில்லுக்காரர் வேலி ஓரத்தில் நின்று கத்தினார். "படத்துல இருக்கில்ல? வளை!"

வேலியை வெட்டியது என் அப்பா. வேலை போகவில்லை. வளைவுக்காக ஐந்து தென்னை போனது. சாயங்காலம் வீட்டில் கை முள்ளை எடுத்துக்கொண்டே சொன்னார். "நேரா விட்டிருந்தா ரெண்டு மரந்தான் போயிருக்கும்." அந்த வருடம் அவர் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

வாத்தியார் அடுத்த வருடம் மாற்றலாகிப் போய்விட்டார். விவரம் பத்தாத ஆள் போய்விட்டார் என்று ஊரில் சொன்னார்கள்.

அந்தத் தாளையும் பிறகு எலி தின்றது. என் வளையல் துண்டுகள் மணலோடு போயின. மணலையும் லாரியில் அள்ளிவிட்டார்கள். இப்போது மதுரையில் வில்லாபுரம் பக்கம் ஏதாவது மாடி வீட்டுச் சுவரில் பச்சையாக ஒன்று இருக்கும். தோப்பு பிளாட்டாகிவிட்டது. பாதைக்கு சிமெண்ட் போட்டார்கள், அதே வளைவோடு. இரண்டு பக்கமும் வீடு வந்துவிட்டதால் இனி நிமிர்த்தவும் முடியாது. ஆட்டோக்காரர்கள் அங்கே வந்து திட்டிவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

புத்தகம் போட்ட பையன் என்னிடமும் வந்து கேட்டான். சொன்னேன். "பெரியம்மா, செங்கல்னு போட்டா நல்லாவா இருக்கும்?" என்று சிரித்தான். ராணியைப் போட்டுவிட்டான்.

ஒன்று மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

பாதை திறந்த அன்று முதல் குடம் அம்மாதான் எடுத்தாள். நான் பின்னால் சின்னக் குடத்தோடு போனேன். தண்ணீர் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தவள் வளைவில் திரும்பினாள். தலைக்குடம் தளும்பி முதுகு முழுக்க நனைந்துவிட்டது. அங்கேயே நின்றாள். முன்னால் பார்த்தாள். பக்கத்தில் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"எந்தக் கிறுக்கச்சிடி இதக் கொண்டாந்து வளைச்சது?"

"தெரியலம்மா" என்றேன்.

அம்மா அந்தப் பாதையில் முப்பது வருடம் நடந்தாள். தினமும் அந்த இடத்தில் ஒரு தரம் திட்டுவாள். தினமும் நான் தெரியாது என்று சொன்னேன்.